குங், ஜுஹோவான், ஹோவான்: எது மொழி, எது வட்டார வழக்கு, எது எதுக்கு சொந்தம்?

கேள்வி இதுதான்: தெற்கு ஆப்பிரிக்கால பேசற குங் மொழியும் ஜுஹோவான் மொழியும் ஒண்ணா வேற வேறயா, ஒரு பட்டியல்ல இத "வடக்கு கொய்சான்"னு போட்டிருக்காங்க, இன்னொண்ணுல "க்ஹா குடும்பம்"னு போட்டிருக்காங்க, எத நம்புறது, அப்புறம் போட்ஸ்வானால இருக்க ஹோவான்னு ஒரு சின்ன மொழி ஒரு இடத்துல தெற்கு பிரிவுலயும் இன்னொரு இடத்துல வடக்குக்காரங்களோடயும் இருக்கே, அது ஏன். மூணும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடக்குற விஷயம், அதனால தனித்தனியா பிரிக்காம ஒரே ஓட்டமா சொல்றேன்.

நேரமில்லாதவங்களுக்கு சுருக்கமா: குங்கும் ஜுஹோவானும் ஒரே சங்கிலியோட கண்ணிங்க, பக்கத்து ஊர்க்காரங்க ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சுக்குவாங்க, சங்கிலியோட ரெண்டு முனைல இருக்கவங்க புரிஞ்சுக்க மாட்டாங்க. அந்த மொத்த சங்கிலிக்கும் ஜூன்னு பேர். ஹோவான் அந்த சங்கிலிக்கு வெளிய இருக்க ஒரு தனி மொழி, ஆனா ஜூவோட நெருங்குன சொந்தம், ரெண்டும் சேந்ததுதான் க்ஹா குடும்பம். "வடக்கு கொய்சான்"ங்கறது பழைய பேர், இப்ப அத விட்டுடலாம், ஏன்னா கொய்சான்னு ஒரு குடும்பம் இருக்குன்னு யாரும் இதுவரைக்கும் நிரூபிக்கல. இனி ஏன்னு பாப்போம்.

முதல்ல எழுத்து பத்தி ஒரு வார்த்தை. இந்த மொழிப் பேருங்க நெறைய கிளிக் சத்தத்துலதான் ஆரம்பிக்கும், இல்ல நடுவுல கிளிக் வரும். தமிழ்ல அதுக்கு எழுத்து கிடையாது, அதனால கிளிக்க விட்டுட்டு மீதிய மட்டும் எழுதுறேன். இதுல ஒரு குழப்பம் வரும், ஜுஹோவான்ல இருக்க "ஹோவான்" வேற, தனியா வர்ற ஹோவான் வேற, ரெண்டுக்கும் முன்னாடி வர்ற கிளிக் வேற வேற, தமிழ்ல எழுதுனா மட்டும் ஒண்ணு மாதிரி தெரியும். ரெண்டும் சொந்தம்னு நான் சொல்றதுக்கும் இந்த பேருக்கும் சம்பந்தமே இல்ல.

கிளிக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: யாராவது கஷ்டத்த சொன்னா நாம "ச்சு ச்சு"ன்னு உச்சு கொட்டுவோம்ல, அது பல்லுக்குப் பின்னாடி நாக்க வச்சு இழுக்குற கிளிக். மாட்டையோ குதிரையையோ ஓட்ட கடவாய் ஓரமா ஒரு சத்தம் கொடுப்பாங்க, அது பக்க கிளிக். நாக்கு நுனிய மேலண்ணத்துல ஒட்டி டொக்குனு விட்டா அது ஒண்ணு, நாக்கோட நடுப்பகுதிய தட்டையா அண்ணத்துல ஒட்டி விட்டா இன்னும் கூர்மையா ஒண்ணு வரும். இந்த நாலும் ஜுஹோவான்ல இருக்கு. ஐஞ்சாவதா உதட்ட குவிச்சு முத்தம் கொடுக்குற மாதிரி ஒண்ணு இருக்கு, உதட்டு கிளிக், அது ஜுஹோவான்ல கிடையாது, ஆனா இந்த கதைல அது முக்கியமான ஆளு, பின்னாடி வரும். நமக்கு இதெல்லாம் சத்தம் மட்டும்தான், அவங்களுக்கு க, ச, ட மாதிரி சாதாரண மெய்யெழுத்து. ஒவ்வொரு கிளிக்கும் சும்மா வராது, மூக்கோட சேந்து, மூச்சு விட்டு, தொண்டைய அடைச்சு, குரல் கொடுத்துன்னு ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மேல ரகம் உண்டு.

இப்படி ஒரு சத்தம் உலகத்துல வேற எங்கயும் சாதாரண பேச்சுல பெருசா இல்லாததால, ஆரம்பத்துல ஆராய்ச்சி பண்ணவங்களுக்கு கிளிக் இருக்க மொழியெல்லாம் ஒரே வீட்டு பிள்ளைங்கன்னு தோணுச்சு. டோரத்தியா பிளீக் 1920கள்லயே புஷ்மென்னு அப்ப சொன்ன தெற்கு ஆப்பிரிக்க வேட்டை ஜனங்களோட மொழிங்கள வடக்கு, நடு, தெற்குன்னு மூணா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் எழுத்தும் நம்பரும் கொடுத்தாங்க, வடக்குல இருக்கதுக்கு என்1, என்2ன்னு, தெற்குல இருக்கதுக்கு எஸ்1, எஸ்2ன்னு. அவங்க அப்பா வில்ஹெல்ம் பிளீக்கும் பெரியம்மா லூசி லாய்டும் கேப் டவுன்ல எழுதிவச்ச நோட்டு புத்தகங்கதான் இந்த துறையோட அஸ்திவாரம். டோரத்தியா போட்ட பிரிவு பெரும்பாலும் இடத்த வச்சும் சொல் பட்டியல வச்சும் போட்டது, மூணுக்கும் நடுவுல ரொம்ப வித்தியாசம் இருக்குன்னு அவங்களே கவனமா எழுதியிருக்காங்க. அதுக்கப்புறம் ஜோசஃப் கிரீன்பெர்க்னு ஒரு அமெரிக்க மொழியியல் அறிஞர் வந்தாரு. அவரு 1963ல ஆப்பிரிக்க மொழிங்க எல்லாத்தையும் நாலே குடும்பத்துல அடக்கினப்ப இந்த மூணையும் சேத்து, தான்சானியால ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்க ஹாட்சாவையும் சாண்டாவேயையும் சேத்து, ஒரே கொய்சான் குடும்பம்னு போட்டுட்டாரு. கொய்சான்ங்கற பேரே மொழிக்காக வச்சது கிடையாது, லியோன்ஹார்ட் ஷுல்ட்சேங்கறவர் 1928ல உடலமைப்ப வச்சு ஜனங்கள வகைப்படுத்த உண்டாக்குன பேர். அது அப்படியே மொழிக்கு வந்து ஒட்டிக்கிச்சு. பாடபுத்தகங்கள்ல இன்னைக்கும் ஆப்பிரிக்கா மேப்ல தெற்கு மூலைல ஒரே கலர்ல கொய்சான்னு அடிச்சிருப்பாங்க, அந்த மேப் பாத்து வளர்ந்தவங்கதான் நாம எல்லாருமே.

கிளிக் இருக்கறத சொந்தத்துக்கு சாட்சியா ஏன் எடுத்துக்க முடியாது? ரெண்டு பக்கமும் உதாரணம் இருக்கு. ஒரு பக்கம், சம்பந்தமே இல்லாத மொழிங்க கிளிக்க கடன் வாங்கியிருக்கு. கோசா, சூலு ரெண்டும் பாண்டு மொழிங்க, ஸ்வாஹிலிக்கு சொந்தக்காரங்க, ஆனா பக்கத்துல இருந்தவங்களோட கலந்து கல்யாணம் பண்ணி கிளிக் அவங்க மொழிக்குள்ள வந்துச்சு. கென்யால டஹாலோன்னு ஒரு குஷிட்டிக் மொழி, அதுலயும் கிளிக் இருக்கு. இன்னொரு பக்கம், கிளிக் இருந்த மொழி அத இழக்கவும் செய்யும். கலஹாரி பாலைவனத்தோட கிழக்கு ஓரத்துல இருக்க ஷுவா, ச்வா மொழிங்கள்ல நெறைய சொல்லுல கிளிக் உதிர்ந்து போய் சாதாரண மெய்யெழுத்து வந்து உக்காந்துடுச்சு, ஆனா அதுங்க கோயே குடும்பம், அதாவது பழைய நடு பிரிவுங்கறதுல யாருக்கும் சந்தேகமே இல்ல. ஆக வரவும் செய்யும், போகவும் செய்யும், அப்படிப்பட்ட ஒண்ண வச்சு வம்சாவளி எழுதக்கூடாது.

உடம்பு அமைப்ப வச்சும் எழுதக்கூடாது, நமீபியால டமாரா ஜனங்களும் நாமா ஜனங்களும் பாக்க வேற வேற, ஆனா பேசறது ஒரே கோயேகோயே மொழி.

அப்ப எத வச்சு சொல்றது? சொல்லுக்கு சொல் வச்சு பாக்கும்போது சத்தம் ஒரே ஒழுங்குல மாறுதான்னு பாக்கணும். ரெண்டு சொல் ஒண்ணு மாதிரி கேக்குதுங்கறது ஒரு சாட்சியே கிடையாது, அது கடனா இருக்கலாம், தற்செயலா இருக்கலாம். இங்க இந்த சத்தம் வந்தா அங்க அந்த சத்தம்தான் வரும்னு பத்து இருபது சொல்லுல தொடர்ந்து நடக்கணும், அந்த சொல்லுங்களும் உடம்பு உறுப்பு, தண்ணி, நெருப்பு, மண்ணு மாதிரி லேசுல கடன் வாங்காத சொல்லா இருக்கணும், அதோட இலக்கணத்துல இருக்க குட்டி குட்டி உருபுங்க, அதாவது நான், நீ மாதிரி பிரதிப்பெயர், வேற்றுமை மாதிரி வேலை செய்ற துணுக்குங்க, அதுவும் ஒத்துப்போகணும். இந்த பரிட்சைல கிரீன்பெர்க் கட்டுன வீடு நிக்கல. கேப் டவுன்ல இருந்த எர்ன்ஸ்ட் வெஸ்ட்ஃபால் 1960கள்லயே இது ஒரு குடும்பம் இல்ல, பல குடும்பம்னு அழுத்தமா சொன்னாரு. இன்னைக்கு பெரும்பாலானவங்க ஒத்துக்கறது தெற்குல மூணு குடும்பம், ஒண்ணு க்ஹா (பழைய வடக்கும் ஹோவானும்), ஒண்ணு தூ (பழைய தெற்கு), ஒண்ணு கோயே-குவாடி (பழைய நடு). ஹாட்சா தனி மொழி, ஒட்டு உறவு கிடையாது. சாண்டாவே கோயேக்கு தூரத்து சொந்தமா இருக்கலாம்னு ஒரு பேச்சு உண்டு, நிரூபணம் ஆகல. ஜார்ஜ் ஸ்தாரோஸ்தின் மாதிரி சிலர் இன்னும் இந்த மூணையும் ஆழத்துல இணைக்க முடியுமான்னு உழைக்கறாங்க, அந்த உழைப்ப மதிக்கறேன், ஆனா அவங்க காட்டுற ஒற்றுமைல எவ்வளவு பழைய கடன், எவ்வளவு ரத்த சொந்தம்னு பிரிக்க முடியல, அதனால எனக்கு அது போதல.

இதுல தூ குடும்பத்த வேகமா சொல்லிட்டு போறேன், ஏன்னா ஹோவான் கதைக்கு அது வேணும். இன்னைக்கு நல்லா உயிரோட இருக்க தூ மொழி தா ஒண்ணுதான், போட்ஸ்வானாலயும் கொஞ்சம் நமீபியாலயும் சில ஆயிரம் பேர் பேசறாங்க, உலகத்துலயே அதிகமா மெய்யொலி இருக்க மொழிகள்ல ஒண்ணு. தென்னாப்பிரிக்கா பக்கம் இருந்த தூ மொழிங்க கிட்டத்தட்ட எல்லாம் போயிடுச்சு, நூ மொழிய கத்ரீனா ஏசாவ்ங்கற பாட்டி அப்பிங்டன்ல வீட்டுலயே பசங்களுக்கு சொல்லிக்கொடுத்து காப்பாத்த பாடுபட்டாங்க, 2014ல தென்னாப்பிரிக்க அரசு அவங்களுக்கு பாவோபாப் விருது கொடுத்துச்சு. காம் மொழி போயே போயிடுச்சு, தென்னாப்பிரிக்காவோட அரசு சின்னத்துல 2000ல இருந்து அந்த மொழில ஒரு வாசகம் இருக்கு, பேசறதுக்கு ஆள் இல்ல. இந்த தூ மொழிங்களோட அடையாளமே அந்த உதட்டு கிளிக்தான்.

இப்ப ஹோவானுக்கு வருவோம், எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். போட்ஸ்வானாவோட தெற்குல, க்வெனெங் மாவட்டத்து பக்கம், ஒரு சின்ன கூட்டம் ஒரு மொழி பேசிக்கிட்டிருந்துச்சு. ஆண்டனி டிரெயில் 1973ல அத பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு, அதோட தலைப்பே "என்4ஆ எஸ்7ஆ?"ன்னு ஒரு கேள்வி. டோரத்தியா பிளீக் போட்ட நம்பர் நியாபகம் இருக்கா, வடக்குல மூணு வரைக்கும், தெற்குல ஆறு வரைக்கும் இருந்துச்சு, புதுசா கிடைச்ச இது வடக்கோட நாலாவதா இல்ல தெற்கோட ஏழாவதான்னு கேக்கறாரு. ஏன் இந்த சந்தேகம்னா, வாயத் தொறந்தா உதட்டு கிளிக் வருது, அது தெற்கு மொழிங்களோட முத்திரை, ஆப்பிரிக்கால வேற எங்கயும் அது மெய்யொலியா இல்ல. அத மட்டும் பாத்தா கண்ண மூடிக்கிட்டு எஸ்7ன்னு போடலாம், சில பேர் போட்டும் வச்சாங்க, நீங்க பாத்த பழைய பட்டியல்ல தெற்குல இருந்ததுக்கு காரணம் அதுதான். ஆனா சொல்லையும் இலக்கணத்தையும் எடுத்து பாத்தா ஆள் வடக்கு பக்கம் சாயுது. அடிப்படை சொல்லு ஜூவோட ஒத்துப்போகுது.

ஒரு உதாரணம் கிட்டத்துல பாக்கலாம். ஜுஹோவான்ல ஒரு வினைக்கு செயப்படுபொருளுக்கு மேல இன்னொரு பெயர்ச்சொல் சேக்கணும்னா, அது இடமோ கருவியோ ஆளோ, எதுவா இருந்தாலும், அதுக்கு முன்னாடி "கோ"ன்னு ஒரு குட்டி சொல் போடணும். நம்ம மொழில "-ல, -ஆல, -க்கு"ன்னு ஆளுக்கொரு உருபு போட்டு பிரிக்கறத அவங்க அந்த ஒத்த சொல்ல வச்சே முடிச்சுடுவாங்க. ஹோவான்ல அதே இடத்துல, கிட்டத்தட்ட அதே வேலைக்கு "கி" வருது. கிறிஸ் காலின்ஸ் இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சு விரிவா ஆராய்ஞ்சிருக்காரு. இந்த மாதிரி அர்த்தமே தனியா இல்லாத ஒட்டு சொல்ல லேசுல யாரும் கடன் வாங்க மாட்டாங்க. ஒரு ஒட்டு சொல் மட்டும் போதுமான்னா போதாது, வாக்கிய அமைப்பு பக்கத்து மொழில இருந்து பரவக்கூடியது, ஆனா வடிவமும் வேலையும் சேந்து ஒத்துப்போகும்போது, கூடவே அடிப்படை சொல்லும் ஒழுங்கா ஒத்துப்போகும்போது, அது கனமான சாட்சி.

போனி சாண்ட்ஸ் 1990கள்ல கிரீன்பெர்க்கோட மொத்த கருத்தையும் தோண்டிப் பாத்து ஜூ-ஹோவான் தொடர்ப பலமானதுன்னு சொன்னாங்க. கடைசியா 2010ல பெர்ன்ட் ஹைனேயும் ஹென்றி ஹாங்கெனும் சேந்து சத்த ஒழுங்க வரிசையா காட்டி, ரெண்டும் ஒரே குடும்பம்னு நிறுத்தினாங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க மண்ணுங்கற சொல்ல எடுத்து அந்த குடும்பத்துக்கு க்ஹான்னு பேர் வச்சாங்க. ஆக டிரெயில் கேட்ட கேள்விக்கு பதில் என்4 பக்கம்தான், ஆனா வடக்கு சங்கிலிக்குள்ள இன்னொரு கண்ணியா கிடையாது, அந்த மொத்த சங்கிலிக்கும் தங்கச்சி. அந்த உதட்டு கிளிக் எப்படி வந்துச்சுங்கறதுல இன்னும் விவாதம் இருக்கு, பக்கத்துல இருக்க தா மொழில இருந்து வந்ததுன்னு ஒரு கட்சி, க்ஹா மூல மொழிலயே இருந்து ஜூ பக்கம் போயிடுச்சுன்னு ஒரு கட்சி. எதுவா இருந்தாலும் குடும்பத்த தீர்மானிச்சது அது இல்ல.

அந்த மொழிக்கு இப்ப ஆராய்ச்சிக்காரங்க அம்கோவேன்னு பேர் வச்சிருக்காங்க, ஏன்னா ஹோவான்ங்கறது அதுல ஒரு வட்டார வழக்கோட பேர்தான், இன்னும் ரெண்டு இருக்கு, நக்ரியாஹே, சாசின்னு. இன்னொரு காரணம், தா மொழியோட கிழக்கு வழக்கு ஒண்ணுக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஹுவான்னு ஒரு பேர் உண்டு, பழைய கட்டுரைல பேர மட்டும் பாத்துட்டு எடுத்தா எந்த மொழின்னே தெரியாம மாட்டிக்குவீங்க. அதனால ஒரு சொல் பட்டியல் கிடைச்சா பேர பாக்காதீங்க, எந்த ஊர்ல எடுத்ததுன்னு பாருங்க. லிண்டா கெர்லாக் நக்ரியாஹேயோட ஒலியமைப்ப தனி ஆய்வா எழுதியிருக்காங்க. இந்த மூணு வழக்கும் சேந்து சில டஜன் பேர்தான் பேசறாங்க, பெரும்பாலும் வயசானவங்க, பிள்ளைங்க கலகாடி, குய், ஸ்வானா மொழிகளுக்கு மாறிட்டாங்க. ஒரு குடும்பத்தோட ரெண்டு கிளைல ஒரு கிளை முழுசும் இந்த சில டஜன் பேர் வாயில இருக்கு. 1973ல யாரும் அந்த பக்கம் போகாம இருந்திருந்தா, க்ஹான்னு ஒரு குடும்பம் இருந்ததே நமக்கு தெரிஞ்சிருக்காது, ஜூவ ஒட்டு உறவு இல்லாத தனி மொழின்னு எழுதிட்டு போயிருப்போம்.

சரி, இப்ப ஜூ சங்கிலி. இங்கதான் "மொழியா வழக்கா"ங்கற கேள்வி வருது. அங்கோலாவோட தெற்குல இருந்து நமீபியாவோட வடக்கு, எகோக்கா பக்கம், அப்புறம் குரூட்ஃபோன்டைன், அப்புறம் கிழக்கால சும்க்வே, நையே நையே, எல்லை தாண்டி போட்ஸ்வானால டோபே, தெற்கால கோபாபிஸ் வரைக்கும் இது பரவிக்கிடக்கு. வடக்குல இருக்கவங்கள குங்னு சொல்றோம், தென்கிழக்குல இருக்கவங்க தங்கள ஜுஹோவான்சின்னு சொல்லிக்கறாங்க.

இத எப்படி பிரிக்கறாங்கன்னு தண்ணிங்கற ஒரே சொல்ல வச்சு காட்டறேன். நையே நையேல ஜுஹோவான் பேசறவங்க அந்த சொல்ல நாக்கு நுனிய அண்ணத்துல ஒட்டி விடற டொக் கிளிக்கோட சொல்லுவாங்க. அதே சொல்ல அங்கோலா பக்கமும் எகோக்கா பக்கமும் பக்க கிளிக்கோட, கடவாய் ஓரமா சொல்லுவாங்க. சரி, டொக் கிளிக்தான் வடக்குல பக்க கிளிக்கா மாறிடுச்சுன்னு முடிவு பண்ணிடலாமா? முடியாது, ஏன்னா வேற பல சொல்லுல நையே நையேலயும் டொக், எகோக்காலயும் அதே டொக். அப்ப பக்க கிளிக்தான் மூலம், நையே நையேல அது டொக்கா மாறிடுச்சா? அதுவும் முடியாது, ரெண்டு பக்கமும் பக்க கிளிக்காவே இருக்க சொல்லும் நெறைய இருக்கு. ஆக மூணு விதமான சொல் கூட்டம் இருக்கு, ரெண்டு சத்தத்த வச்சு மூணு கூட்டத்த விளக்க முடியாது, மூல மொழில மூணாவதா ஒரு தனி கிளிக் இருந்திருக்கணும். அது எங்க போச்சு? குரூட்ஃபோன்டைன்ல இருக்கு! அங்க தண்ணிங்கற சொல்லுலயும் அந்த கூட்டத்து மத்த சொல்லுலயும் டொக்கும் இல்லாம பக்கமும் இல்லாம தனியா ஒரு கிளிக் வருது, கிளெமென்ட் டோக் 1925லயே அத கவனிச்சு வளைநா கிளிக்னு எழுதி வச்சிருக்காரு. அப்ப சிலருக்கு நம்பிக்கை வரல, ஏதோ ஒரு ஊர்க்காரங்களோட விசித்திரம்னு நெனச்சாங்க. பின்னாடி எல்லா வழக்கையும் அடுக்கி வச்சு பாத்தப்பதான் அந்த ஊர் மட்டும் பழைய எழுத்த பத்திரமா வச்சிருக்குன்னு தெரிஞ்சுச்சு.

தமிழ் படிச்சவங்களுக்கு இது புதுசா இருக்காது. கோழிய கன்னடத்துல கோளிம்பாங்க, தெலுங்குல கோடிம்பாங்க. தேள கன்னடத்துல சேளு, தெலுங்குல தேலு. கன்னடத்த மட்டும் பாத்தா ரெண்டுலயும் ள தான், தெலுங்குல ரெண்டும் வேற வேற, ஆக மூல திராவிடத்துல ரெண்டு தனி எழுத்து இருந்திருக்கணும், அதுல ஒண்ணு நம்ம ழ. குரூட்ஃபோன்டைன் செஞ்சது அந்த வேலைதான்.

இந்த மாதிரி நாலைஞ்சு சத்த மாற்றத்த மேப்ல கோடு போட்டு பாத்தா கோடுங்க கும்பலா விழற இடத்துல பிரிவு வருது. எகோக்கா பக்கம் இன்னொரு அடையாளமும் உண்டு, மத்த இடத்துல நாக்க தட்டையா வச்சு சொல்ற அண்ண கிளிக்கு பதிலா அங்க "ஸ்"னு காத்து உரசுற மாதிரி ஒரு கிளிக் வரும். இதெல்லாம் வச்சு போனி சாண்ட்ஸ் 2010ல ஜூவ நாலா பிரிச்சாங்க: அங்கோலா பக்கத்து வடக்கு, எகோக்கா பக்கத்து வடநடு, குரூட்ஃபோன்டைன் பக்கத்து நடு, ஜுஹோவான் இருக்க தென்கிழக்கு. பெர்ன்ட் ஹைனேயும் கிறிஸ்டா கோனிக்கும் 2015ல பதினோரு வழக்க எடுத்து இலக்கணம் எழுதினாங்க, அவங்க மூணாதான் பிரிக்கறாங்க, வடமேற்கு, நடு, தென்கிழக்குன்னு. அவங்களுக்கு முன்னாடி யான் ஸ்நைமன் 1990கள்ல சுமார் முப்பது ஊர் வழக்குங்கள சேத்து ஒரு வகைப்பாடு போட்டிருந்தாரு. மூணா நாலாங்கறது பெரிய சண்டை கிடையாது, அங்கோலா கூட்டத்தையும் எகோக்கா கூட்டத்தையும் ஒண்ணா வைக்கறதா தனியா வைக்கறதாங்கறதுதான், சங்கிலில எங்க கத்தரிச்சாலும் கொஞ்சம் பிசிறு இருக்கும். எனக்கு நாலா பிரிக்கறது சரின்னு படுது, ஏன்னா எகோக்காவோட அந்த உரசல் கிளிக் தனியா நடந்த மாற்றம், அத தனியா காட்டுறது படிக்கறவங்களுக்கு உதவும். ஹைனேயும் கோனிக்கும் மொத்தத்தையும் ஒரே மொழின்னு எழுதறாங்க, ஆனா மேற்கு முனையும் கிழக்கு முனையும் ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சுக்க முடியாதுங்கறதையும் அவங்களே சொல்றாங்க. ஐஎஸ்ஓங்கற உலக தர அமைப்போட மொழிப் பட்டியல்ல எகோக்காவுக்கும் ஜுஹோவானுக்கும் தனித்தனி குறியீடு. ரெண்டு பேரும் தப்பு சொல்லல, வெட்டுற இடம்தான் வேற.

இந்த சங்கிலிய நல்லா இருந்த நிலைல யாரும் பாக்கலங்கறதையும் மனசுல வச்சுக்கணும். சொல் சேகரிப்பு ஆரம்பமே கேப் டவுன்லதான், 1879ல ஆரம்பிச்சு சில வருஷம் லூசி லாய்டு வீட்டுல நாலு குங் பசங்க தங்கியிருந்தாங்க, நானி, தாம்மே, உமா, டா. சொந்த ஊர்ல இருந்து பிடுங்கி நமீபியா வடக்குல இருந்து கொண்டுவந்து விட்ட பசங்க, டா ரொம்ப சின்ன பையன். அந்த பசங்க சொன்ன கதையும் சொல்லும் வரைஞ்ச படமும்தான் வடக்கு ஜூவுக்கு நமக்கு கிடைச்ச பழைய சாட்சி, அந்த நோட்டுங்க இருக்க தொகுப்ப யுனெஸ்கோ உலக நினைவு பட்டியல்ல சேத்திருக்கு. அந்த நோட்ட தொறக்கறவங்க அத ஒரு டேட்டாவா மட்டும் பாக்கக்கூடாதுன்னு நான் மாணவர்கள்ட்ட எப்பவும் சொல்லுவேன், பெத்தவங்கள விட்டு வந்த பசங்க நியாபகத்துல இருந்து சொன்னது அது. ஒரு ஊர்ல இருந்து வந்த நாலு பேர் கிடையாது, அதனால நாலு பேர் பேச்சுலயும் வித்தியாசம் இருக்கும், அத கவனிக்காம எல்லாத்தையும் ஒரே வழக்குன்னு சேத்துட்டா வகைப்பாடு கோணிடும்.

அப்புறம் அங்கோலா போர். 1970கள்ல அங்கோலால இருந்து தப்பிச்சு வந்த குங் ஆளுங்கள தென்னாப்பிரிக்க ராணுவம் தடம் பாக்குற வேலைக்கு சேத்துக்கிச்சு, நமீபியா விடுதலை ஆனதும் 1990ல ஆயிரக்கணக்கானவங்கள குடும்பத்தோட தென்னாப்பிரிக்காவுக்கு கொண்டுபோய் ஷ்மிட்ஸ்டிரிஃப்ட்ல கூடாரத்துல வச்சாங்க, வருஷக்கணக்கா அங்க கிடந்துட்டு கிம்பர்லி பக்கம் பிளாட்ஃபோன்டைனுக்கு போனாங்க. அங்க குங்கும், சம்பந்தமே இல்லாத கோயே குடும்பத்து க்வே மொழியும் பக்கத்து பக்கத்து தெருல இருக்கு, ரெண்டு மொழிக்கும் சேத்து எக்ஸ்கே எஃப்எம்னு ஒரு ரேடியோவும் ஓடுது. பிளாட்ஃபோன்டைன்ல இன்னைக்கு பதிவு பண்ற குங் எந்த வழக்குன்னு கேட்டா, பல ஊர் ஆளுங்க ஒரே கூடாரத்துல வளர்ந்த பேச்சு அது. அந்த பதிவ எடுத்து "அங்கோலா வழக்கு"ன்னு லேபிள் ஒட்டி கணக்கு போட்டீங்கன்னா இல்லாத ஒற்றுமையெல்லாம் தெரியும்.

வகைப்பாடு வெறும் பேப்பர் வேலைன்னு நெனச்சுடக்கூடாது. பாட்ரிக் டிக்கன்ஸ் நையே நையேல உக்காந்து ஜுஹோவானுக்கு லேசா எழுதக்கூடிய எழுத்து முறை போட்டு அகராதி பண்ணாரு, அது 1994ல வந்துச்சு, அத வச்சு கிராம பள்ளிக்கூடங்கள்ல முதல் மூணு வகுப்பு தாய்மொழில நடக்குது. அந்த புத்தகத்த எகோக்காவுக்கு அப்படியே தூக்கிட்டு போனா தண்ணிங்கற சொல்லே பிள்ளைக்கு தப்பு கிளிக்ல எழுதியிருக்கும். "ஒரே மொழிதானே, ஒரே புத்தகம் போதும்"னு ஒரு அதிகாரி முடிவு பண்ணா அங்க ஒரு பிள்ளை முதல் நாளே தன் பேச்சு தப்புன்னு கத்துக்கும். அதே நேரம் பதினோரு வழக்குக்கும் பதினோரு புத்தகம் போட காசும் ஆளும் கிடையாது. நாலு பிரிவுக்கு நாலு புத்தகம்ங்கறது நடக்கக்கூடிய கணக்கு, நாலா பிரிக்கறது சரின்னு மேல சொன்னேன்ல, அதுல இந்த காரணமும் உண்டு.

நீங்க எழுதும்போது என்ன போடறதுன்னு கடைசியா சொல்லிடறேன். மொத்த சங்கிலிய சொல்லணும்னா ஜூன்னு எழுதுங்க. நையே நையே, டோபே ஆளுங்க பேச்ச ஜுஹோவான்னு தனி மொழியாவே எழுதுங்க, அவங்க தங்கள அப்படித்தான் சொல்றாங்க, எழுத்தும் பள்ளிக்கூடமும் அந்த பேர்லதான் இருக்கு. வடக்கு ஆளுங்கள குங்னு மொட்டையா விடாம எகோக்கா குங், அங்கோலா குங்னு ஊர் சேத்து எழுதுங்க. ஹோவான அம்கோவேன்னு எழுதிட்டு எந்த வழக்குன்னு பக்கத்துல போடுங்க. குடும்பம் க்ஹா. கொய்சான்ங்கற சொல்ல "பாண்டுவும் குஷிட்டிக்கும் இல்லாத தெற்கு ஆப்பிரிக்க, தான்சானிய கிளிக் மொழிங்க"ன்னு ஒரு வசதிக்கு பயன்படுத்தலாம், ஆனா குடும்ப மரம் வரையற இடத்துல மட்டும் அத போடாதீங்க.